இலவசமாய்க் கிடைத்த தோடிகள்

இலவசம் என்று எழுதியிருக்கும் எதையும் இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது தாலுகா ஆபீசில் முப்பத்திரண்டு வருடம் இருந்து நான் கற்றுக்கொண்ட ஒரே பாடம். ஓய்வு பெற்றபின் அதையும் மறந்துவிட்டு, ஏழு மாதம் இணையத்தில் தோடி ராகம் தேடினேன்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எந்த ராகமும் எனக்கு ஒன்றுதான். என் மனைவிதான் கேட்கிறவள். சுசீந்திரத்தில் பிறந்து வளர்ந்தவள், சிறுவயதில் நாலைந்து வருடம் பாட்டும் படித்தவள். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில், கொட்டாரத்தில், நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுக்களை ஜன்னலில் ஒரு ரேடியோ உண்டு. அதில் காலையில் பாட்டு வரும்போது நான் ஏதாவது கேட்டால் பதில் வராது. கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள், அவ்வளவுதான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்று இருந்தது அந்த ரேடியோவும் அவளும் மட்டுமே.

ஒரு நாள் காலை தோசைக்கல்லின் முன் நின்றவள் அப்படியே சரிந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, கூடவே பேச்சும் போயிற்று. நாகர்கோவிலில் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "நாம சொல்றது அவங்களுக்குப் புரியும். சொல்ல நினைக்கிறது மட்டும் வாய்க்கு வராது. வந்தாலும் மாறி வரலாம். பொறுமையா இருக்கணும்" என்றார் டாக்டர். பொறுமையாக இருக்கச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. சொல்லிவிட்டு அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

காலை ஆறரைக்கு உடம்பு துடைக்க ஒரு பெண் வருவாள், கடற்கரை ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து. எட்டு மணிக்கு அவள் போனபிறகு எல்லாம் நான்தான். மருந்து, கஞ்சி, படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது, மறுபடி மருந்து. அறுபத்தொரு வயதில் நான் சோறு வடிக்கப் பழகினேன். முதல் மாதம் எல்லாரும் வந்து பார்த்தார்கள். இரண்டாம் மாதம் போனில் விசாரித்தார்கள். அதன்பின் அதுவும் குறைந்தது. குறைந்தது நல்லதுதான், ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் கஞ்சி ஆறிவிடும்.

அவளிடம் மிஞ்சியிருந்தவை இரண்டு மூன்று ஒலிகள். "ம்" என்பது ஒன்று. ஆமாம் என்பதற்கும் அதுதான், இல்லை என்பதற்கும் அதுதான், தலையும் இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலாம் நாள் வேறொன்று வந்தது. அதை முதலில் கேட்டவள் உடம்பு துடைக்க வரும் பெண்.

"சாரே, ஓடி வாங்க. அக்கா காதைப் பிடிச்சிட்டு என்னவோ பறையுது. எனக்கு மனசிலாகல்ல" என்று கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். இடது கையால் இடது காதைத் தொட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். உதடு கோணிற்று, கழுத்து நரம்பு புடைத்தது. "தோ... டி" என்றாள்.

"பாட்டு கேக்கணும் போல சாரே. காதைக் காட்டுதே" என்றாள் அந்தப் பெண்.

எனக்கு அது ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அதுதான் என் கஷ்டகாலம். தோடி என்று ஒரு ராகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எனக்குப் பெயர் தெரிந்த ஒரே ராகம் அதுதான். கல்யாணமான புதிதில் மார்கழித் திருவிழாவுக்குச் சுசீந்திரம் போயிருந்தோம். தேரோட்டத்துக்கு முந்தின நாள் காலை ரதவீதியில் சுவாமி வந்து நின்றது. நாதஸ்வரக்காரர் ஒரே ராகத்தை முக்கால் மணி நேரம் வாசித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் கால் கடுத்தது, பசி வேறு. "இது எப்பம் தீரும்?" என்று கேட்டேன். அவள் திரும்பாமலே, "தோடியாக்கும். பேசாம நில்லுங்கோ" என்றாள். அவள் கண் நிறைந்திருந்தது. புதுப் பெண்டாட்டி நடுத்தெருவில் அழுகிறாளே, பார்க்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதுதான் அப்போது என் கவலை.

அந்தத் தோடியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். வாய் போனபிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை. எதைக் கொடுத்தாவது அதை அவளுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

முதலில் போனில்தான் போட்டுக் கொடுத்தேன். தோடி என்று தேடினால் வரிசையாக வந்தது. யாரோ ஒரு பாடகர் மெதுவாக ஆரம்பித்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரியாக ஆறாவது நிமிஷம் ஒரு பெண் குரல் வீறிட்டது. தலைமுடி கொட்டுகிறதாம், எண்ணெய் வாங்க வேண்டுமாம். கட்டிலில் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. அதை நிறுத்த எங்கே அமுக்குவது என்று தெரியாமல் நான் போனையே தலையணைக்கு அடியில் அமுக்கினேன். மறுபடி பாட்டு, மறுபடி விளம்பரம். மழைக்காற்று அடித்தால் நெட் போய்விடும், பாட்டு நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டு நிற்கும். இது ஆகாது, பாட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொண்டால்தான் நிம்மதி என்று தோன்றியது. ஓய்வு பெறும்போது ஆபீசில் எல்லாரும் சேர்ந்து வாங்கிக்கொடுத்த லேப்டாப் பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அதை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

முதலில் தமிழிலேயே தேடினேன், 'இலவசம்' என்று. மிக்ஸி வந்தது, ஆடு வந்தது, தையல் மெஷின் வந்தது. எந்தத் திட்டத்துக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்று பட்டியல் வந்தது. அதையெல்லாம் சரிபார்த்துத்தான் நான் இவ்வளவு வயதானேன். 'கச்சேரி' என்று சேர்த்துத் தேடிப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குக் கச்சேரி என்றால் தாலுகா ஆபீஸ். ஒரு காலத்தில் என் மாமனாரிடம் யாராவது மருமகன் எங்கே என்று கேட்டால் "கச்சேரிக்குப் போயிருக்காரு" என்பார். கேட்டவர் புது ஆளாக இருந்தால் நான் பாடுகிறவன் என்று நினைத்துக்கொள்வார். அந்த நினைப்பில் தனியாக உட்கார்ந்து கொஞ்சம் சிரித்தேன். அந்த மாதம் சிரித்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இங்கிலீஷில் தேடினால் நிறையக் கிடைத்தது. கிடைத்தது என்றால், கிடைக்கும் என்று சொல்லும் பக்கங்கள் கிடைத்தன. ஒரு பக்கத்தில் ஏழு பச்சைப் பொத்தான், ஏழிலும் பதிவிறக்கு என்று எழுதியிருக்கும். ஆறு பொய், ஒன்று நிஜம். பொய்ப் பொத்தானை அமுக்கினால் உங்கள் கம்ப்யூட்டரில் பதினான்கு வைரஸ் இருக்கிறது என்று பயமுறுத்தும். ஒரு தரம் அதை நம்பி ஏதோ ஒன்றை இறக்கி, அதை எடுக்க நாகர்கோவில் வடசேரி வரை போய் ஒருநாள் லேப்டாப்பைக் கடையில் வைக்க வேண்டிவந்தது. இன்னொரு தளம் நான் மனிதன்தான் என்று நிரூபிக்கச் சொன்னது. ஒன்பது படம் கொடுத்து, பஸ் இருக்கும் படங்களை மட்டும் தொடச் சொன்னது. ஒரு படத்தில் பஸ்ஸின் கண்ணாடி மட்டும் ஓரமாகத் தெரிந்தது. அதைத் தொடலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே அவள் "தோடி, தோடி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"இதா, தேடிக்கிட்டுதானே இருக்கேன். கொஞ்சம் பொறு" என்று இங்கிருந்தே சத்தம் கொடுத்தேன்.

எழுத்தில் வேறு ஒரு கூத்து. இங்கிலீஷில் ஒரு எச் போட்டுத் தோடி என்று எழுதினால் நம் பக்கத்துப் பாட்டு வருகிறது. அந்த எச்சை விட்டுவிட்டால் வடநாட்டுத் தோடி வருகிறது. அது வேறு ராகமாம், பெயர் மட்டும்தான் ஒன்று. எனக்கு எப்படித் தெரியும்? எச் இல்லாமல் பதினோரு பாட்டை இறக்கி, ஒரு வாரம் முழுக்க அவளுக்குப் போட்டேன். மிருதங்கத்துக்குப் பதில் தபலா கேட்கிறதே என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்புறம் ஒரு தளத்தில் யாரோ எழுதியிருந்த விளக்கத்தைப் படித்தேன். வடக்கே தோடி என்பது நம் தோடி இல்லை, நம் தோடிக்குப் பக்கத்தில் வருவதை அங்கே பைரவி என்பார்கள், அந்தப் பைரவியோ நம் பைரவி இல்லை என்று போட்டிருந்தது. நிலவரியில் பட்டா ஒருவர் பெயரிலும் அனுபவம் இன்னொருவர் கையிலும் இருக்கும். அதைக்கூட எனக்குப் பிரித்துச் சொல்ல முடியும், இது முடியவில்லை. ஆனால் அவள் முகத்தைத் திருப்பியதற்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று திருப்தி அடைந்தேன். இந்த நிலையிலும் தப்பு ராகத்தைக் கண்டுபிடித்துவிட்டாளே என்று பெருமையாகக்கூட இருந்தது.

பதினொன்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். மெல்ல மெல்ல நல்ல இடங்கள் பிடிபட்டன. பழைய ஒலிநாடாக்களையும் ரேடியோவிலிருந்து பிடித்தவற்றையும் சும்மா கொடுக்கிற மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று தெரியாது. அவற்றில் ஒன்றின் நடுவில் செய்தி வாசிக்கிறவர் தொண்டையைச் செருமுவார். ஒன்றில் யாரோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்கும். அனேகமாகப் பாதி இணைப்புகள் செத்துப்போயிருக்கும், அமுக்கினால் 'இந்தக் கோப்பு இப்போது இல்லை' என்று வரும். வந்தவற்றின் பெயரோ 'டிராக் மூன்று', 'பக்கம் பி' என்று இருக்கும். நான் அவற்றுக்கு ஆபீஸ் முறையில் எண் போட்டு, பாட்டா நாதஸ்வரமா வயலினா என்று பிரித்து, எத்தனை நிமிஷம், எங்கே இருமல் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தேன். அறுபத்தொரு தோடி சேர்ந்தது. என் வயதுக்கு ஒன்று.

ஒவ்வொன்றாகப் போனுக்கு மாற்றி அவளுக்குப் போட்டுக்காட்டினேன். ரோட்டில் கன்னியாகுமரி பஸ் போகிற இரைச்சல் கேட்கக் கூடாது என்று நல்ல இயர்போன் ஒன்று வாங்கினேன். தினமும் அவள் தலையைத் தூக்கி, முடியை ஒதுக்கி, நானே இரண்டு காதிலும் வைத்துவிடுவேன். கொஞ்ச நேரம் அடங்கிப் படுத்திருப்பாள். பிறகு இடது கையால் அதைப் பிடுங்கிவிட்டு, காதைத் தொட்டு, "தோடி" என்பாள். இது இல்லை போலிருக்கிறது, அடுத்தது என்று நினைத்துக்கொண்டு மேசைக்குப் போவேன்.

கடைசியில், அவள் கேட்பது அன்று ரதவீதியில் கேட்ட அந்த நாதஸ்வரத்தைத்தான், வேறு எதற்கும் அடங்க மாட்டாள் என்று நானே தீர்மானித்தேன். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் கோவில் திருவிழா நாதஸ்வரங்களை இணையத்தில் ஏற்றி வைத்திருந்தார். தலைப்பெல்லாம் மலையாளம். நான் மேற்கே விளவங்கோடு பக்கத்தான், மலையாளம் வாசிப்பேன். அவருக்கு மலையாளத்திலேயே எழுதினேன்: என் மனைவிக்கு உடம்பு சரியில்லை, சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் வாசித்த தோடி ஒன்று வேண்டும். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தன் அண்ணன் வைத்திருந்த நாடாப் பெட்டியில் 'சுசீந்திரம்' என்று எழுதிய நாடா ஒன்று இருக்கிறது, பூசணம் பிடித்திருக்கிறது, துடைத்து ஓடவைத்துப் பார்க்கிறேன் என்றார். அதன்பின் மூன்று வாரம் பேச்சில்லை. தினமும் காலையில் முதல் வேலையாக லேப்டாப்பைத் திறந்து பார்ப்பேன். மருந்து கொடுக்கத் தாமதமான நாட்கள் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு நாள் வந்துவிட்டது. முப்பத்தெட்டு நிமிஷம். அதே வருடமா, அதே வாசிப்பா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நடுவில் ஐஸ் விற்கிறவனின் மணி கேட்டது. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஓடிப்போய் அவள் காதில் வைத்தேன். பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்தேன். இரண்டு நிமிஷம். அவள் இயர்போனைப் பிடுங்கினாள், கம்பியோடு சேர்த்துப் போனையும் இழுத்துத் தரையில் போட்டாள். "தோடி, தோடி, தோடி" என்று, ஊளை என்றுதான் சொல்ல வேண்டும், அப்படி ஒரு சத்தம் போட்டாள்.

நான் கத்தினேன். "உனக்கு எந்தத் தோடியாக்கும் வேணும்? எழவெடுத்த தோடி! நான் செத்தா தீருமா?" என்று, ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கை கால் விழுந்து கிடக்கிறவளைப் பார்த்து அப்படிக் கேட்டேன். அவள் சத்தம் சட்டென்று நின்றது. அன்று முழுக்க "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

அதற்கு அடுத்த வாரம் அவள் தங்கை வந்தாள். மும்பையில் மகளுடைய பேறுகாலத்துக்குப் போனவள், குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் எட்டு மாதத்துக்கு மேல் அங்கேயே இருக்கும்படி ஆகிவிட்டது. அக்கா விழுந்ததிலிருந்து போன் திரையில் பார்த்ததுதான், அதிலும் தலையணையில் சாய்ந்த முகம் மட்டுமே தெரியும். பையை நடையில் போட்டுவிட்டு நேரே கட்டிலுக்குப் போய், அக்காவின் முடியை இரண்டு பக்கமும் ஒதுக்கி முகத்தைக் கையில் ஏந்தினாள். ஏந்தியவள் அப்படியே நின்றாள்.

"ஏன் அத்தான், அக்காக்க காது என்ன இப்படி மூளியா கெடக்கு? தோடு எங்க வச்சிருக்கிய?"

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. என் மனைவி தங்கையின் கையைப் பிடித்துத் தன் காதில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகையை நான் அதுவரை கேட்டதில்லை. "தோடி, தோடி" என்றாள்.

"ஆமா, தோடுதான். நான் போட்டு விடுதேன், அழாத" என்றாள் தங்கை, இது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பது போல.

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

எங்கள் மேற்கே பெண்கள் காதில் போடுவது கம்மல். தோடு என்றால் வயலுக்கு நடுவில் ஓடும் சின்ன ஓடை, சிறுவயதில் நான் குளித்ததெல்லாம் அதில்தான். அவள் பிறந்த ஊரில் காதில் போடுவதுதான் தோடு. கல்யாணமான முதல் வாரம் "என் தோட்டைக் காணல்ல" என்று அவள் தேடியபோது, "அது எப்படிக் காணாமப் போவும், ஓடுற தண்ணியில்லா" என்று அவள் வீட்டார் முன்னால் கேலி செய்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப்பின் என் முன்னால் அவள் கம்மல் என்றுதான் சொல்லுவாள். முப்பத்தாறு வருடம் அப்படியே சொன்னாள். பக்கவாதம் வந்து, எனக்காக அவள் கற்றுக்கொண்ட சொல்லை எடுத்துக்கொண்டு, பிறந்த வீட்டுச் சொல்லில் பாதியை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அதைத்தான் நான் ராகம் என்று எடுத்துக்கொண்டேன்.

தோடு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுக்க உள்ளே கொண்டுபோகும்போது நர்ஸ் கழற்றி ஒரு காகித உறையில் போட்டு என் கையில் தந்தாள். ஸ்கேன் படங்களோடு அதையும் கோப்பில் வைத்து, கோப்புக்கு மேலே பெயர் எழுதி, பீரோவில் வைத்தேன். எதையும் தொலைக்காத மனிதன் நான். உடம்பு துடைக்க வரும் பெண்ணிடம் பிறகு கேட்டேன். "நீங்கதான் படுக்கையில குத்தும்னு கழட்டி வச்சிருக்கியன்னு நெனச்சேன் சாரே" என்றாள். அவள்மேல் குற்றம் இல்லை. ஏழு மாதம் தினமும் அந்த முடியை ஒதுக்கி, அந்தக் காதில் இயர்போனை வைத்தவன் நான். வெறும் காது என் விரலில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. நான் பார்க்கவில்லை. எனக்கு அவசரம், அடுத்த தோடி காத்திருந்தது.

இன்னொன்றும் அன்று புரிந்தது. அதுதான் என்னை அதிகம் வெட்கப்படவைத்தது. அந்தத் தேடல் எனக்குப் பிடித்திருந்தது. மேசை அடுத்த அறையில் இருந்தது, கட்டில் அங்கிருந்து தெரியாது. அவள் கூப்பிடும்போதெல்லாம், அவளுக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டு எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவேன். களைப்புக்கு அது ஒரு ஒதுங்கிடமாக இருந்தது.

இடது காதில் தோடு சுலபமாக நுழைந்தது. வலது பக்கமே அவள் அதிகம் சாய்ந்து படுப்பதால் அந்தக் காதின் துவாரம் தூர்ந்துபோயிருந்தது. தங்கை தேங்காயெண்ணெய் தடவி, துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்கை ஒடித்துச் சீவி மெல்ல ஏற்றினாள். வலி இருந்திருக்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள், கையைத் தட்டிவிடவில்லை. ஒரு காதில் தோடும் ஒரு காதில் ஈர்க்குமாக மூன்று நாள் இருந்தாள். மூன்றாம் நாள் தங்கை ஈர்க்கை எடுத்துவிட்டுத் தோட்டைப் போட்டு, "திருகாணிய நீங்க முறுக்குங்கோ அத்தான்" என்று என்னைக் கூப்பிட்டாள். கடுகளவு திருகாணி, என் விரலில் நிற்காமல் இரண்டு முறை மெத்தையில் விழுந்தது. மூன்றாம் முறை புரி பிடித்தது. கண்ணாடி கேட்டுக் கையைக் காட்டினாள், கொடுத்தோம். ரொம்ப நேரம் பார்த்தாள்.

அன்று மாலையே தங்கை ஊருக்குப் போனாள். அவளுக்கும் வீடு இருக்கிறது.

மறுநாள் மத்தியானம், சாப்பாடு ஊட்டி, மருந்து கொடுத்து, துணி அலசிப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அவள் என்னைப் பார்த்து, "தோடி" என்றாள்.

இரண்டு காதையும் பார்த்தேன். இரண்டிலும் தோடு இருந்தது. கையால் தொட்டும் பார்த்தேன், திருகாணி சரியாக இருந்தது. அப்படியானால் இப்போது நிஜமாகவே ராகத்தைக் கேட்கிறாள் என்று நினைத்து என் கால் பழக்கத்தில் அடுத்த அறைப் பக்கம் திரும்பியது. நிலைப்படி வரை போய்விட்டேன். அப்புறம் திரும்பி வந்து, கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாட்டா?" என்றேன். இல்லை என்பதாக முகம் சுளித்தாள். "தண்ணியா?" இல்லை. "தங்கச்சியக் கூப்பிடணுமா?" இல்லை. "வலிக்குதா? பொரட்டிப் படுக்க வைக்கணுமா? ஜன்னலச் சாத்தணுமா?" ஒன்றுமில்லை. ஒவ்வொன்றுக்கும் "தோடி" என்றுதான் சொன்னாள், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிச் சொன்னாள். கையில் கிடைத்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கோபப்படாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

கடைசியில் இடது கையின் விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனாள். இன்னும் பசிக்கிறதாக்கும் என்று ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சோறும் குழம்பும் பிசைந்து கொண்டுவந்து, ஒரு வாய் எடுத்து நீட்டினேன். அவள் வாயைத் திறக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை என் வாய்ப்பக்கம் தள்ளினாள்.

மணி மூன்றேகால். நான் சாப்பிட்டிருக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்தச் சோற்றை நான் தின்றேன்.